முப்பத்தொன்று புள்ளி ஆறு

கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் நூறு வருஷமாக நோய்நொடி இல்லாமல் வாழ்ந்துவரும் வித்தை ஒன்று உண்டு. விடையைப் பார்த்து அளவு எழுதுவது. புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என்று புத்தகத்தில் அச்சடித்தே இருக்கும்போது ஊசலை எதற்காக ஆட்டி எண்ண வேண்டும்? விடையிலிருந்து பின்னோக்கி நடந்தால் அளவுகள் தாமாக வந்து வரிசையில் நிற்கும். பத்து அளவில் இரண்டைக் கொஞ்சம் கோணலாக எழுதிவிட்டால் பேராசிரியருக்கும் சந்தேகம் வராது. வந்தாலும் கேட்க மாட்டார். அவரும் அப்படித்தான் பட்டம் வாங்கினார்.

2058ஆம் வருஷம் அந்தக் கடற்கரை ஊரில் இந்த வித்தையில் பெர்னதெத்தை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்றாம் ஆண்டு மாணவி. அவளுடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத்தான் வகுப்பே எழுதும். வெயில் இயக்கம் இப்படிப்பட்டவளைத் தேடிப் பிடித்துத் தன் அளவுச் செயலாளராக வைத்திருந்தது. அது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

வெயில் இயக்கம் கொடி பிடித்துக் கலைந்து போகிற கூட்டம் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் அனல்மின் நிலையத்தின் வாசலில் நாற்பது நாள் உட்கார்ந்து, தடியடி பட்டு, சிறைக்குப் போய், கடைசியில் புகைக்கூண்டை அணைய வைத்த மாணவர்கள் அவர்கள். பெர்னதெத் அப்போது பள்ளிச் சீருடையில் போய் உட்கார்ந்தாள். அவள் அப்பா துறைமுகத்தில் இருபது வருஷம் நிலக்கரி இறக்கியவர். படுத்தால் மூச்சு வராது என்று கடைசி இரண்டு வருஷம் சுவரில் சாய்ந்தே தூங்கி, சாய்ந்தே செத்துப் போனார். அந்தக் கூண்டு மறுபடியும் புகையக் கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். அதற்காக எதையும் எழுதுவாள்.

கூண்டு அணைந்த பிறகு கடலோரத்து உப்பளங்களில் பாதியை எடுத்து, ஆறாயிரம் ஏக்கரில் சூரியத் தகடுகளை நட்டார்கள். மீதிப் பாதியில் உப்பு விளைந்தது. உப்பை இன்னும் மனிதர்கள்தான் வாரினார்கள். இயந்திரம் உப்புக் காற்றில் ஒரு வருஷத்தில் துருப்பிடித்துச் சாகிறது, பொம்பளை முப்பது வருஷம் தாங்குகிறாள் என்பது முதலாளிகள் கண்டுபிடித்த விஞ்ஞானம்.

இயக்கத்தின் இரண்டாவது வெற்றி, சங்கு. பழைய மில் சங்கு மாதிரியே ஊதும் என்பதால் சனங்கள் வைத்த பெயர் அது. வெயிலில் வேலை நடக்கிற நாற்பத்துமூன்று இடங்களில் கம்பம் நட்டு, எல்லாவற்றையும் ஒரு கணினி மூளையோடு இணைத்திருந்தார்கள். ஈரத்துணி சுற்றிய தர்மாமீட்டர் முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் அந்த இடத்தில் சங்கு ஊதும். ஊதினால் வேலை நிற்க வேண்டும், முழுக்கூலி தர வேண்டும், குளிர்கூடத்துக்கு மின்சாரம் பாய வேண்டும். சட்டமே அப்படி. தானியங்கிக் கருவிகளை வைத்தபோது காண்டிராக்டர்கள் பக்கத்தில் ஐஸ் பானையை வைத்து ஏமாற்றினார்கள். மாணவர் கண்ணால் பார்த்த அளவைத்தான் ஏற்க வேண்டும் என்று இயக்கம் இன்னொரு முறை தெருவில் இறங்கி அதையும் வாங்கியது. நாற்பத்துமூன்று மாணவர்கள் நண்பகலில் அளந்து அனுப்புவார்கள். பெர்னதெத் சரிபார்த்து, பன்னிரண்டரைக்குச் சங்குக்கு அனுப்புவாள்.

சங்குக்கு ஒரு குணம் இருந்தது. ஒருவர் அனுப்பும் அளவு அக்கம்பக்கத்து அளவோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதைத் தள்ளிவைத்து, அனுப்பியவரின் நம்பக மதிப்பைக் குறைத்துவிடும். ஊரோடு ஒத்து வாழ் என்று யாரோ அதற்குப் பாலோடு புகட்டியிருந்தார்கள். நம்பகம் நாற்பதுக்குக் கீழே போனால் இயக்க அட்டை போகும், கல்லூரியில் இருபது மதிப்பெண் போகும். மாணவர்கள் ஒரே மாதத்தில் புரிந்துகொண்டார்கள். பக்கத்து இடத்துக்காரனுக்கு ஃபோன் போட்டு, நீ எவ்வளவு எழுதினாய் என்று கேட்டுக்கொண்டால் வெயிலில் அலைய வேண்டியதில்லை. மிச்சமிருந்த கோணல்களை பெர்னதெத் நீவிவிட்டாள். அவளுடைய நம்பகம் தொண்ணூற்றொன்பது.

ஊரோடு ஒத்துப்போகாத ஒரே ஆள் இசக்கி. இரண்டாம் ஆண்டு படித்தாள். தகடுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட வெள்ளைப்பாத்தி என்ற சின்ன உப்பளக் குடியிருப்புதான் அவள் ஊரும், அவள் அளக்கிற இடமும். அம்மா பொன்னுத்தாய் அங்கேயே உப்பு வாரினாள். இசக்கியின் நம்பகம் நாற்பத்தொன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும், ஆரம்பத்தில் அவள் அளவுகளைச் சங்கு தள்ளிவைத்த பிறகு பெர்னதெத் திருத்தி அனுப்பிய புண்ணியத்தால்.

அது கத்திரி வெயில் காலத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை. இயக்க அலுவலகத்தில் பெர்னதெத் அளவுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே தலைவர் மகிழன் உட்கார்ந்திருந்தான். சென்னையிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவன். நாற்பது நாள் போராட்டத்தில் வலது கை முறிந்து, இன்னும் சரியாக மடங்காது. பன்னிரண்டு பத்துக்கு இசக்கி ஃபோனில் வந்தாள்.

“எக்கா, முப்பத்தி நாலு புள்ளி ஒண்ணு. மூணு தடவ பாத்துட்டேன்.”

“துணி காஞ்சிருக்கும்ட்டி. காஞ்சா கூடத்தான் காட்டும்.”

“காயல. கெணத்துத் தண்ணியில முக்கித்தான் சுத்துனேன். இங்க காத்தே இல்லக்கா. நாலு பக்கமும் தகடு நிக்கு, கடக்காத்து உள்ள வர மாட்டேங்கு. நடுவுல பாத்தித் தண்ணி கொதிக்கு. வேர்வ காயலன்னா மனுசன் உள்ளுக்குள்ளயே அவிஞ்சிருவான்லா?”

பெர்னதெத் பக்கத்து இரண்டு இடங்களும் முப்பத்தொன்றரையை ஒட்டித்தான் சொல்கின்றன என்றாள்.

“அவுக அளந்தாவளான்னு கேளுங்க,” என்றாள் இசக்கி. பிறகு குரல் இறங்கியது. “எங்கம்மைக்குக் காலையிலயிருந்து தல சுத்துது. கரையேறி வாம்மான்னா, சங்கு ஊதலயேன்னு கங்காணி சொல்லுதான். முந்தியெல்லாம் மயக்கமா வந்தா அவுகளே ஏறிருவாவ. இப்ப சங்கு ஊதாம ஏறுனா அன்னைக்குக் கூலி கெடையாது. நம்ம சங்கத்தான் அவன் சாட்டையா வச்சிருக்கான்.”

பார்க்கிறேன் என்று சொல்லி பெர்னதெத் ஃபோனை வைத்தாள். மகிழன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை மின்வாரிய விசாரணை. தகடுகள்தான் சூட்டைக் கிளப்புகின்றன, அனல்மின் நிலையத்தை மறுபடி திறக்க வேண்டும் என்று நிலக்கரிக் கம்பெனி மனுப் போட்டிருந்தது. அதை அவன் அவளுக்கு நினைவுபடுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நினைவுபடுத்தினான்.

“தகடு நடுவுல இருக்கிற ஒரே ஊர்ல மட்டும் சங்கு ஊதினா, அந்த வக்கீல் நாளன்னைக்கு வேற எதுவும் பேச வேண்டாம், தோழர். நம்ம முத்திரையைக் காட்டினாலே போதும். ரெண்டு நாள். அப்புறம் நானே அங்க வந்து அளக்கறேன்.”

பெர்னதெத் அப்பா சாய்ந்து தூங்கிய சுவரை நினைத்தாள். அந்தச் சுவரில் அவர் தலை பட்ட இடம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. இரண்டு நாள்தானே என்று அவளுக்கும் தோன்றியது.

முப்பத்தொன்றரை என்று எழுதினால் பக்கத்து அளவோடு அச்சாக ஒட்டிப்போய்விடும். முப்பத்தொன்று புள்ளி எட்டு என்றால் எல்லையை உரசும். முப்பத்தொன்று புள்ளி ஆறு நல்ல நேர்மையான முகம் கொண்ட எண். அதை எழுதி அனுப்பினாள். சங்கு ஊதவில்லை.

மூன்றரை மணிக்குப் பொன்னுத்தாய் வாருபலகையோடு பாத்திக்குள்ளேயே சரிந்தாள். கரைக்குத் தூக்கி வந்தபோது தோலில் ஒரு சொட்டு வேர்வை இல்லையாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது. நாற்பத்தேழு வயது.

புதன்கிழமை காலை பெர்னதெத் செத்த வீட்டில் துட்டி கேட்க வெள்ளைப்பாத்திக்குப் போனாள். இரண்டு வருஷமாக தினமும் அந்த ஊரின் சூட்டை எழுதியவள் அந்த ஊருக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. வழி தெரியாமல் இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்டவர்கள் அவள் கழுத்தில் தொங்கிய இயக்க அட்டையைப் பார்த்துவிட்டு, கையை மட்டும் நீட்டிக் காட்டினார்கள்.

கங்காணியின் கொட்டகைத் தூணில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நேற்றைய அளவுத் தாள். முப்பத்தொன்று புள்ளி ஆறு. கீழே இயக்கத்தின் முத்திரை, அவள் கையெழுத்து. எல்லையைத் தாண்டவில்லை, ஆகவே வெயிலால் சாகவில்லை, ஆகவே இழப்பீடு இல்லை. தாளைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக ஒட்டியிருந்தான். இயக்கமும் காலையிலேயே இதயக் கோளாறு என்று இரங்கல் அறிக்கை விட்டிருந்தது. செத்துப்போனவளுக்கு எதிராகக் கங்காணியும் புரட்சியும் ஒரே காகிதத்தைக் கையில் வைத்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்திருந்தது. இசக்கி அழவில்லை. பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து பெர்னதெத்தின் முன்னால் நின்றாள். எக்கா என்று கூப்பிடவில்லை.

“நான் சொன்னது எவ்வளவு?”

“முப்பத்தி நாலு புள்ளி ஒண்ணு.”

“நீ எழுதுனது?”

பெர்னதெத்தின் கண் கொட்டகைத் தூணுக்குப் போனது. கூட்டத்தில் ஒருத்தி அவள் காலடியில் துப்பினாள். இசக்கி தன் தர்மாமீட்டரைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்து, “பாத்தியில ஆளு எறங்கியாச்சு. போயி அளந்து பாரு,” என்றாள்.

பிணம் எடுத்த இரண்டு மணி நேரத்தில் பாதிப் பேர் பாத்தியில் இறங்கியிருந்தார்கள். கூலி இல்லாமல் இரண்டு நாள் இருக்க அவர்களால் முடியாது. பெர்னதெத் கிணற்றில் துணியை நனைத்து, தர்மாமீட்டரில் சுற்றி, வரப்பில் நின்றாள். முதல் ஐந்து நிமிஷத்தில் உடம்பெல்லாம் நனைந்தது. பத்தாவது நிமிஷத்தில் மூச்சை யாரோ துணி வைத்து அடைப்பதுபோல இருந்தது. அப்பாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. தர்மாமீட்டர் முப்பத்துநாலு புள்ளி மூன்றில் நின்றது. அவள் கண்ணால் பார்த்து எழுதிய முதல் அளவு.

வரப்பிலிருந்தே சங்குக்கு அனுப்பினாள். தொண்ணூற்றொன்பது நம்பகம் உள்ளவள் சொன்னால் கேட்காமல் எங்கே போகும்? அரை நிமிஷத்தில் பதில் வந்தது. அளவு அருகிலுள்ள இடங்களோடு பொருந்தவில்லை, துணி உலர்ந்திருக்கலாம், திருத்தி அனுப்பவும். கூடவே பெருந்தன்மையாக ஒரு எண்ணையும் எடுத்துக் கொடுத்திருந்தது. முப்பத்தொன்று புள்ளி ஆறு.

இரண்டு வருஷமாக அவள் எப்படி நீவுகிறாள் என்று அது பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை. டீச்சர் எழுதியதையே டீச்சருக்குத் திருப்பிச் சொல்கிறது.

மகிழனைக் கூப்பிட்டாள். இன்றே இந்த அளவை வெளியே சொல்ல வேண்டும், சங்கை நிறுத்தித் திருத்த வேண்டும் என்றாள். அவன் சத்தம் போடவில்லை. நாளைக்கு விசாரணை முடியட்டும் என்றான். இன்று சொன்னால் இரண்டு வருஷ அளவும் பொய் என்றாகும், இயக்கம் நாறும், கூண்டு புகையும், அந்தப் புகையில் வருஷத்துக்கு எத்தனை பேர் சாவார்கள் என்று கேட்டான்.

“தண்ணிக்குள்ள எறங்கி நிக்கிறாவ தோழர். இப்ப. என் கண்ணு முன்னால.”

“அந்த அளவை எழுதினது யாரு? நானா? கையெழுத்து யாரோடது?” என்றான் மகிழன். “யோசிச்சுப் பேசுங்க. உங்களைக் காப்பாத்தறதுக்கு எனக்கு ஒரு காரணமும் இல்ல.”

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது.

மணி பன்னிரண்டு இருபது. மற்ற நாற்பத்திரண்டு இடங்களின் அளவுகளும் அவள் கைக்கருவியில் வந்து வரிசையாக நின்றன. முப்பத்தொன்று புள்ளி இரண்டு, புள்ளி நான்கு, புள்ளி மூன்று. ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. பாத்தியில் ஒரு கிழவி வாருபலகையை ஊன்றி நின்று, கம்பத்தில் இருந்த சங்கை அண்ணாந்து பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

பெர்னதெத் வரப்பிலேயே உட்கார்ந்தாள். விடை முப்பத்துநாலு புள்ளி மூன்று. இனி அதிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டியதுதான். பக்கத்து இரண்டு இடங்களுக்கு முப்பத்துமூன்று புள்ளி எட்டு, முப்பத்துநாலு. அதற்கடுத்த ஆறு இடங்களுக்கு முப்பத்துமூன்றை ஒட்டி, ஒன்றை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி. துறைமுகம், மீன் ஏலக்கூடம், பேருந்து நிலையம், ரயில்வே கொட்டடி வரைக்கும் படிப்படியாக இறக்கி, எங்கேயும் முப்பத்திரண்டுக்கு இறங்காமல் எழுதினாள். நல்ல பொய்க்காரி ஒரே எண்ணை அடுத்தடுத்து எழுத மாட்டாள். ஏழு நிமிஷத்தில் நாற்பத்திரண்டு இடங்கள். தன் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக அவள் எதையும் செய்ததில்லை.

வெள்ளைப்பாத்தியின் நிஜ அளவோடு சேர்த்து எல்லாவற்றையும் அனுப்பினாள். சங்கு சரிபார்த்தது. எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தியது. ஏற்கப்பட்டது, நன்றி என்றது.

பன்னிரண்டரைக்கு வெள்ளைப்பாத்தியில் சங்கு ஊதியது. அடுத்து தகடுகளுக்கு அப்பால் ஒன்று, அப்புறம் ஒன்று, கடற்கரை நெடுக துறைமுகம் வரைக்கும் நாற்பத்துமூன்றும் ஊதின. பாத்தியில் இருந்தவர்கள் பலகையைப் போட்டுவிட்டு முதலில் கங்காணியைப் பார்த்தார்கள். அவன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கரையேறினார்கள்.

ஊர் அன்றைக்கு அவளைத் திட்டாத வார்த்தை இல்லை. கப்பல்களில் சரக்கு பாதியில் நின்றது. காண்டிராக்டர்கள் இயக்க அலுவலகத்துக் கண்ணாடியை உடைத்தார்கள். நிலக்கரிக் கம்பெனியின் வக்கீல் சிரித்துக்கொண்டே பேட்டி கொடுத்தார். அளவுச் செயலாளர் மோசடி செய்துவிட்டார் என்று மகிழன் ஒன்றரை மணிக்கு அறிவித்தான். அளவை மறுக்க விரும்புகிறவர்கள் அன்றே மறுபடி அளந்து அனுப்பலாம் என்று விதி இருந்தது. நாற்பத்திரண்டு பேரும் இப்போதே போய் அளந்து அவளைப் பொய்யாக்குங்கள் என்று உத்தரவு போட்டான்.

அவரவர் நம்பகம் போகிற விஷயம் என்பதால் அத்தனை பேரும் வெயிலில் ஓடினார்கள். அன்றைக்குத்தான் பாதிப் பேர் தர்மாமீட்டரை உறையிலிருந்து வெளியே எடுத்தார்கள். ஒருவன் கருவியில் துணி கட்டவே இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பொறுப்பான பெண் அளந்து முடித்துவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தாள்.

இருபத்தைந்து இடங்களில் பெர்னதெத் எழுதியது பச்சைப் பொய். பதினேழு இடங்களில் தர்மாமீட்டர் முப்பத்திரண்டைத் தாண்டி நின்றது. மீன் ஏலக்கூடத்தில் அவள் எழுதியதைவிட அரை டிகிரி அதிகம். அந்தப் பதினேழில் பதினோரு இடங்களைச் சுற்றி ஒரு சூரியத் தகடு கூடக் கிடையாது. வெறும் வெயில்தான், ஊர் முழுக்க, எத்தனை வருஷமாகவோ. யாரும் அளக்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். நிலக்கரிக்காரர்களுக்கும் அது உதவவில்லை, இயக்கத்துக்கும் உதவவில்லை. விசாரணையைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்கள்.

சங்கு அன்று மாலை தன் நம்பகப் பட்டியலைத் தானாகத் திருத்திக்கொண்டது. தள்ளிவைத்திருந்த பழைய அளவுகளையெல்லாம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததாம். முதல் இடத்தில் இசக்கியின் பெயர் இருந்தது. பெர்னதெத்தின் பெயர் பட்டியலிலேயே இல்லை.

இயக்கம் அவளை நீக்கியது. நீக்கிய கூட்டத்தில் அவளுக்காக ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதினேழு பேரும்கூட. கல்லூரி ஒரு வருஷம் வெளியே நிறுத்தியது. நாற்பத்திரண்டு பொய்களுக்காக அவள் ஒரு நாளும் வருத்தப்படவில்லை. ஒரு எண்தான் சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் வந்து நின்றது.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த மறுநாள் ஆய்வகச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது படியில் இசக்கி ஏறி வந்தாள். காரியச் செலவுக்கு நகை போய், மொட்டைக் காதும் வெறும் கழுத்துமாக இருந்தாள். பெர்னதெத் ஒதுங்கி நின்று, பையில் வைத்திருந்த தர்மாமீட்டரை எடுத்து நீட்டினாள். என்ன சொல்ல வேண்டும் என்று பதினாறு நாளாக மனப்பாடம் செய்திருந்தாள். அதற்குள் இசக்கி தர்மாமீட்டரை வாங்கி, பாதரசம் ஒழுங்காக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“இத்தன எடத்த மாத்தத் தெரிஞ்சிருக்கு ஒனக்கு,” என்றாள். “அன்னைக்கு எங்க ஒரு எடத்த மாத்தாம விட ஒனக்கு முடியல.”

மணி பன்னிரண்டு ஆகப் போகிறது என்று இசக்கி தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, குழாயடியில் துணியை நனைத்துப் பிழியாமல் தர்மாமீட்டரில் சுற்றினாள். பிறகு வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.